வெள்ளி டாலரும் நோட்டமும்

சங்கப் புலவர்களின் பெயர்களை வரிசையாகப் படித்து வருவோர்க்கு இடையிடையே ஒரு தொழிற்பெயர் எதிர்ப்படும். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், வடமவண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் என வருவனவற்றுள் 'வண்ணக்கன்' என்பது நாணயத்தின் நன்மை தீமைகளை ஆய்ந்து சொல்பவனைக் குறிக்கும் என்பர் அறிஞர். பிற்காலத்தார் அவனை நோட்டகாரன் என்றனர். கடைத்தெரு அவனைச் சராப்பு என்றது. காசு பார்த்தவர்கள் கவிதையும் செய்தார்கள் என்பது நம் வட்டத்தார் மகிழத்தக்க செய்தியே. ஆயினும் அவர்கள் காசில் பார்த்தது எது என்று கேட்டால், உலோகம் என்பதே விடை. எடை நிறைந்துள்ளதா, மாற்றுச் சரியா, உள்ளே செம்பு புதைந்துள்ளதா என்பனவே நோட்டகாரனின் கேள்விகள். முகம் தேய்ந்த காசைக் கண்டு அவன் முகம் சுளித்திருப்பான் என்றால் அது எடை குறைந்ததற்காகவே இருக்கும்.

இந்த நோட்டத்திற்கு நேர்மாறான ஒரு நோட்டம் கடந்த முக்கால் நூற்றாண்டில் அமெரிக்காவில் வளர்ந்து நிலைபெற்றுள்ளது. அந்நாட்டின் பழைய வெள்ளி டாலர்களைத் தரம் காண்பவர்கள், கள்ள நாணயத்தை விலக்கிய பின்னர், வெள்ளியைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு, எடை 26.73 கிராம், குறுக்களவு 38.1 மில்லிமீட்டர் என்பது எல்லோரும் அறிந்தது. அவர்கள் பார்ப்பது முகத்தை. ஒரே ஆண்டில் ஒரே அக்கசாலையில் அடிக்கப்பட்ட இரண்டு டாலர்களில் ஒன்று ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைக்கும், மற்றொன்று ஒரு வீட்டின் விலைக்கும் போவதற்கு அந்த முகத்தின் நிலையே காரணம். உலோகத்தை மதித்த கண், தோற்றத்தை மதிக்கும் கண்ணாக மாறியது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பழைய நோட்டத்தின் கடைசிச் சுவடுகளை டாலர் மீதே காணலாம். சீனத்து வணிகத்திற்காக 1873இல் அமெரிக்கா 'வணிக டாலர்' என ஒன்றை அடித்தது. அது கீழைக் கடற்கரைகளில் புகுந்தபோது, ஒவ்வொரு வணிகனும் பணம் மாற்றுவோனும் அதைச் சோதித்து, நல்ல வெள்ளிதான் என்பதற்குச் சான்றாகத் தன் சிறு முத்திரையைக் குத்தி அனுப்பினான். கை மாற மாற முத்திரைகள் பெருகின; சில நாணயங்களில் சுதந்திர தேவியின் உருவமே முத்திரைக் கூட்டத்துள் மறைந்தது. அங்கே இத்தொழில் செய்தவனுக்கு வழங்கிய பெயர் 'ஷ்ராஃப்'. நம் கடைத்தெருச் சராப்பேதான். ஹாங்காங்கில் வண்டி நிறுத்துமிடங்களில் கட்டணம் வாங்கும் சாளரத்தின்மேல் இச்சொல்லை இன்றும் காணலாம். அந்தச் சராப்புக்கு முத்திரை குத்துவது நாணயத்தின் மதிப்பை உறுதி செய்வது. பின்வந்த அமெரிக்கச் சேகரிப்பாளருக்கோ அது காயம்.

தோற்றத்தின் ஆட்சி தொடங்குவதற்குத் தேயாத பழங்காசுகள் ஏராளமாக இருக்க வேண்டுமல்லவா? புழங்கும் காசு தேய்ந்தே தீரும். நூறாண்டு கடந்தும் நேற்று அடித்ததுபோல் இலட்சக்கணக்கான டாலர்கள் எங்கிருந்து வந்தன? இதற்கு விடை அரசியலில் இருக்கிறது. 1859இல் நெவாடாவில் காம்ஸ்டாக் வெள்ளிப் படுகை வெளிப்பட்டது. வெள்ளி பெருகி விலை சரிந்தது. சுரங்க முதலாளிகளும் மலிந்த பணத்தை விரும்பிய கடன்பட்ட உழவர்களும் சேர்ந்து எழுப்பிய கிளர்ச்சியின் பயனாக, குடியரசுத் தலைவர் ஹேய்ஸின் மறுப்பையும் மீறி, 1878 பிப்ரவரியில் பிளாண்ட்-அலிசன் சட்டம் நிறைவேறியது. மாதந்தோறும் 20 இலட்சம் முதல் 40 இலட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளியை அரசு வாங்கி நாணயமாக்க வேண்டும் என்றது அச்சட்டம். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஜார்ஜ் டி. மார்கன் என்னும் செதுக்குக் கலைஞர், பிலடெல்பியாவின் ஆசிரியை அன்னா வில்லஸ் வில்லியம்ஸின் முகத்தை மாதிரியாகக் கொண்டு சுதந்திர தேவியைச் செதுக்கினார். மறுபக்கம் சிறகு விரித்த கழுகு. மார்கன் டாலர் என்று பெயர் பெற்ற இந்நாணயம் 1904 வரையிலும், மீண்டும் 1921இலும் வெளிவந்தது.

மக்களோ அதை விரும்பவில்லை. கனமான வட்டைச் சட்டைப்பையில் சுமப்பதைவிட, அதற்கு ஈடாக அரசு தந்த வெள்ளிச் சான்றிதழ்த் தாள் எளிதாக இருந்தது. மேற்கு மாநிலங்கள் நீங்கலாக, டாலர்கள் ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டப்பட்டுப் பெட்டகங்களில் அடுக்கப்பட்டன. யாருக்கும் வேண்டாத ஒன்றை மாதந்தோறும் சட்டப்படி அடித்துக் குவித்த இந்த விந்தையே பிற்காலச் சேகரிப்பாளரின் செல்வத்துக்கு வித்து.

அக்குவியலின் ஒரு பெரும் பகுதி நம் நாட்டுக்கு வந்தது என்பதைப் பலர் அறியார். முதல் உலகப்போரின்போது இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குப் பெரும் தட்டுப்பாடு நேர்ந்தது. தாள் பணத்தைக் கொடுத்து வெள்ளியாக மாற்றிக்கொள்ள மக்கள் முந்தினர். 1917 நவம்பரில் ஒரு ரூபாய்த் தாளே அச்சிட வேண்டியதாயிற்று. பிரிட்டன் அமெரிக்காவை நாட, 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் நிறைவேறியது. அதன்படி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 26 கோடி டாலர்களின் வெள்ளி இந்தியாவுக்கென விற்கப்பட்டு, இங்கே ரூபாயாயிற்று. ஒரு டாலரில் இருந்த தூய வெள்ளி 371.25 குன்றிமணி நிறையன்று, ஆங்கிலக் கிரெயின் நிறை. ஒரு ரூபாயில் 165 கிரெயின். வகுத்துப் பார்த்தால் மிச்சமின்றி இரண்டேகால் ரூபாய் வரும். நம் பாட்டிமார் பெட்டியின் அடியில் துணியில் முடிந்து வைத்திருந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அந்தப் பிலடெல்பியா ஆசிரியையின் கன்னம் கரைந்திருக்கக் கூடும்.

உருக்கியவர்கள் எந்த ஆண்டு நாணயம் எத்தனை என்று கணக்கு வைக்கவில்லை. ஆதலால் எத்தனை அடிக்கப்பட்டன என்னும் ஏட்டுக் கணக்கு, எத்தனை எஞ்சின என்பதற்குச் சான்றாவதில்லை. 1903இல் நியூ ஆர்லியன்ஸில் அடித்த டாலர் ஒருகாலத்தில் அரிதினும் அரிதாக எண்ணப்பட்டு, தேயாத நிலையில் 1,500 டாலர் என்று விலைப்பட்டியலில் ஏறியிருந்தது. 1962 இறுதியில் பிலடெல்பியாப் பெட்டகத்திலிருந்து அதே நாணயம் பைபையாக வெளிப்பட்டது. விலை சில பத்து டாலர்களுக்கு விழுந்தது. அதைக் கண்ட மக்கள் கருவூலத்தின் வாயிலில் வரிசையில் நின்று சான்றிதழ்களைக் கொடுத்து டாலர் மூட்டைகளை வாங்கிச் சென்றனர். 1964 மார்ச்சில் அரசு கதவை மூடியது. எஞ்சிய ஏறத்தாழ 30 இலட்சத்தைப் பார்த்தபோது பெரும்பாலானவை நெவாடாவின் கார்சன் நகர் அக்கசாலையில் அடித்தவை. அவற்றை 1972 முதல் 1980 வரை தவணைகளாக அரசே விற்றது. தேயாத நாணயம் இப்படி வீடுதோறும் புகுந்தபின், 'தேயாதவற்றுள் எது மேலானது' என்னும் நுண்ணிய கேள்வி பிறந்தது. காசு பற்றிய கேள்வியாகவும் அது உடனே மாறியது.

தொடக்கத்தில் தரத்தைச் சொல்லால் சொன்னார்கள். 'குட்', 'ஃபைன்', 'வெரி ஃபைன்', 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்', 'அன்சர்க்குலேட்டட்' என அடுக்கு ஏறும். இதில் 'குட்' என்பது 'நன்று' என்று பொருள்படினும், உருவத்தின் கோட்டுவரை மட்டும் எஞ்சி, கூந்தல் முழுதும் வழித்தெடுத்தாற்போலத் தேய்ந்த நாணயத்துக்கே அப்பெயர். கவியரங்க மேடைகளில் வழங்கும் 'நன்று'க்கும் இதற்கும் உள்ள உறவை அன்பர்களே அறிவர். விற்பவன் சொல்லும் 'ஃபைன்' வாங்குபவன் சொல்லும் 'குட்'டாக இருந்ததால் வழக்குகள் பெருகின.

சொல்லின் இடத்துக்கு எண் வந்தது வில்லியம் ஷெல்டனால். இவர் உளவியலார், மனித உடலமைப்புகளுக்கே எண் கொடுத்துப் பகுத்துப் பார்த்தவர். 1949இல் பழைய அமெரிக்கச் செப்புச் சென்ட்டுகளைப் பற்றி எழுதிய நூலில் 1 முதல் 70 வரை ஓர் அளவுகோலை முன்வைத்தார். அதன் பிறப்பை நினைவில் வைத்தல் நலம். அடையாளம் தெரியும் அளவுக்கு மட்டும் எஞ்சிய 1794ஆம் ஆண்டுச் சென்ட் ஒரு டாலர் பெற்றால், மிகச்சிறந்தது அதைப்போல் 70 மடங்கு பெறும் என்பது அன்றைய சந்தை. அவ்வளவே. நிலையின் எண் என்பது விலையின் மடங்கு. சில ஆண்டுகளில் சந்தை மாறி அந்த விகிதம் பொய்த்துப் போயிற்று. எண்கள் மட்டும் நின்றுவிட்டன. செப்புக் காசுக்கென ஓர் ஆண்டின் கடைவிலையிலிருந்து பிறந்த எண்ணை, 1977இல் அமெரிக்க நாணயவியல் சங்கம் எல்லா நாணயங்களுக்கும் பொதுவிதியாக்கியது. புழங்கிய நாணயங்களுக்கு 58 வரை; 60 முதல் 70 வரையிலான பதினோரு படிகள் அக்கசாலையிலிருந்து வந்தபடியே புழங்காமல் இருப்பவற்றுக்கு. இன்று 64, 65 என்று இலட்சங்களைக் கைமாற்றுவோர், தாம் பேசுவது எப்போதோ செத்துப்போன விலைப்பட்டியலின் மொழி என்பதை எண்ணுவதில்லை.

ஷெல்டனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டியுள்ளது. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பில் இருந்த உயர்ந்த செப்புச் சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அவ்விடத்தில் தம்மிடமிருந்த தாழ்ந்தவற்றை அவர் வைத்துவிட்டார் என்பது 1977இல் அவர் மறைந்த பின்னர் வெளிப்பட்டது. வழக்கு மன்றம் வரை சென்றது. தரம் காணும் கண் எவ்வளவு கூர்மையானதோ அவ்வளவு ஆபத்தானது.

இனி நோட்டத்தின் உள்ளே புகுவோம். ஒரு மார்கன் டாலரை விளிம்பில் பிடித்து, ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துச் சுழற்ற வேண்டும். முதலில் கண் செல்ல வேண்டிய இடங்கள் சில உண்டு: தேவியின் காதுக்கு மேலுள்ள கூந்தல், புருவத்தின் மேற்புறம், கன்னம், தலையணியில் உள்ள பருத்திக் காய்களும் இலைகளும், மறுபக்கத்தில் கழுகின் மார்பு. உருவத்தில் மேடாக உயர்ந்து நிற்பவை இவையே. ஆகையால் தேய்வு முதலில் தொடுவதும் இவற்றையே.

இங்கேதான் பயிலாதவன் தடுமாறுகிறான். காதுக்கு மேல் கூந்தல் இழைகள் தெரியவில்லை, கழுகின் மார்பு தட்டையாக உள்ளது. உடனே 'தேய்ந்தது' என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் நியூ ஆர்லியன்ஸ் அக்கசாலையில் மேலச்சுக்கும் கீழச்சுக்கும் இடையே இடைவெளியைச் சற்று மிகுத்து வைத்தே பல ஆண்டுகள் அடித்தனர். அச்சு நெடுநாள் உழைக்கும் என்பது கணக்கு. அதனால் நடுவில் உள்ள மேடான பகுதிகளுக்கு உலோகம் ஏறிச் சென்று நிரம்பவில்லை. அந்தக் கழுகு பிறக்கும்போதே மார்பில் இறகின்றிப் பிறந்தது. ஒரு கையும் அதைத் தொட்டதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் அடித்தவற்றிலோ ஒவ்வோர் இறகையும் எண்ணலாம். அத்தகைய நாணயத்தில் மார்பு தட்டையாக இருந்தால் அது தேய்வுதான்.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? ஒளியால். அச்சின் அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடியபோது விழுந்த, கண்ணுக்குப் புலப்படாத நுண்கோடுகள் நாணயத்தின் மேனியெங்கும் இருக்கும். சாய்த்துச் சுழற்றும்போது அக்கோடுகளில் பட்ட ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப்போல் முகத்தின்மேல் உருண்டோடும். தட்டையான இடத்தின் மீதும் அந்த ஒளி தடையின்றி ஓடினால், அங்கே உரு பதியாமற் போயிற்று என்று பொருள். அவ்விடத்தில் ஒளி நின்று, மங்கிய சாம்பல் நிறம் தென்பட்டால், அங்கே கை பட்டுவிட்டது; தேய்வு தொடங்கிவிட்டது. ஓலைச்சுவடியில் எழுத்தில்லாத இடத்தைப் பார்த்து, ஏடு சிதைந்ததா, எழுதினவர் விட்டுவிட்டாரா என்று பதிப்பாசிரியர் தயங்கும் தயக்கத்தை ஒத்தது இது.

அடுத்தது தழும்பு. ஆயிரம் டாலர் கொண்ட ஒரு துணிப்பை ஏறத்தாழ 27 கிலோ எடை. அதைத் தூக்கி எறிந்தும், இழுத்தும், பெட்டகம் மாற்றியும் பல பத்தாண்டுகள் கழிந்தன. ஒன்றன் விளிம்பு மற்றதன் கன்னத்தில் இடித்தது. மார்கனின் தேவிக்குக் கன்னம் அகன்று வெறுமையாக இருப்பதால் ஒரு சிறு கீறலும் ஒளிந்துகொள்ள இடமில்லை. அதே கீறல் கூந்தலின் இழைகளுக்குள் விழுந்திருந்தால் தரம் காண்பவர் ஓரளவு பொறுத்துக்கொள்வார். கன்னத்தின் நடுவில் விழுந்தால் இரண்டு படி இறக்குவார். தழும்பு சிலவாகவும் சிறியனவாகவும், ஒளி நிறைவாகவும் இருந்தால் 65. தழும்பு மண்டிக்கிடந்தாலும் தேய்வு இல்லையெனில் 60.

இந்த 60க்கும் 58க்கும் இடையில் ஒரு முரண் உண்டு. 58 என்பது சில நாள் சில கைகளில் மட்டும் இருந்து, கூந்தலின் உச்சியில் மூச்சுப் பட்டாற்போல் தேய்ந்த நாணயம். மற்றபடி தழும்பில்லாத முகம், ஓடும் ஒளி. 60 என்பது எவர் கையையும் காணாமல் மூட்டைக்குள் கிடந்து இடிபட்டு முகமெல்லாம் வடுவானது. அளவுகோலின்படி 60 மேல். இவ்வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. வாங்கும் பலருக்கும் உடன்பாடில்லை என்பதற்கு, நல்ல 58ஐ 60இன் விலை கொடுத்தும் தேடுவோர் இருப்பதே சான்று.

மூன்றாவது, தானாகத் தேயாமல் தேய்க்கப்பட்டது. இதைத்தான் துறையில் வல்லோர் பெருங்குற்றமாகக் கருதுகின்றனர். நம் வீடுகளில் வெள்ளிக் கிண்ணத்தைத் திருநீறு தொட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது போல், கறுத்த டாலரையும் தேய்த்துவிட்டவர்கள் எண்ணற்றோர். பார்வைக்கு அது வெண்மையாக மின்னும். விளக்கின் கீழ்ச் சாய்த்தால் சக்கர ஒளி உருளாது. ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் அணிவகுத்து நிற்கும். அமிலக் கரைசலில் முக்கி எடுப்பது இன்னொரு வழி. ஒருமுறை முக்கினால் கறை போகும்; பலமுறை முக்கினால் அந்த நுண்கோடுகளும் கரைந்து, முகம் சுண்ணாம்பு பூசினாற்போல் உயிரற்றுப் போகும். நேர்மையாகத் தேய்ந்த நாணயத்துக்கு 12 என்றோ 20 என்றோ ஓர் எண் உண்டு. துலக்கிக் கெடுத்ததற்கு எண்ணே மறுக்கப்படுகிறது.

இதற்கு மறுதலையாக, கறுத்தலே அழகாவதும் உண்டு. காற்றிலும் தாளிலும் துணியிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய படலமாகும். படலத்தின் கனத்துக்கேற்ப, நீரில் சிந்திய மண்ணெண்ணெயைப்போல், பொன்னிறம், செந்நீலம், நீலம், பச்சை எனத் தோன்றும். கனம் மிகுந்தால் கருமை. மூட்டையில் துணியை ஒட்டிக் கிடந்த நாணயத்தில் துணியின் நெசவே வானவில்லாகப் பதிந்திருக்கும். இவற்றுக்குப் பெருவிலை கிடைக்கத் தொடங்கியதும் அடுப்பிலும் மருந்திலும் வைத்து வானவில் செய்வோரும் தோன்றினர்.

1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என்னும் தரமிடும் நிறுவனங்கள் எழுந்தன. உரிமையாளர் பெயர் தெரியாமல் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியே பார்த்து எண் சொல்ல, நாணயம் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறைக்குள் எண்ணோடு முத்திரையிடப்படுகிறது. விற்பவன் சொல்லுக்கும் வாங்குபவன் சொல்லுக்கும் இடையில் மூன்றாமவன் நின்றது பெரும் நன்மைதான். ஆனால் ஓர் எண்ணில் ஒரு வீட்டின் விலை தொங்கும்போது மனிதர் சும்மா இருப்பார்களா? 1884இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த 32 இலட்சம் டாலர்களில் தேய்ந்தவை மலிவு. தேயாதவை மிக அரிது. 55 என்னும் எண்ணுக்கும் 62 என்னும் எண்ணுக்கும் இடையே விலை பன்மடங்காகத் தாவும். ஆகவே உறையை உடைத்து, நாணயத்தை மறுபடியும் மறுபடியும் அனுப்பி, என்றேனும் ஓர் எண் கூடி வராதா என்று பார்ப்பது தனித்தொழிலாயிற்று. அதே கண்கள் அதே காசுக்கு வேறு நாளில் வேறு எண் சொன்னதால்தான் அத்தொழில் பிழைத்தது. 1990ஐ ஒட்டிக் கணினியைக் கொண்டு மார்கன் டாலருக்குத் தரம் காண முயன்றனர், நிலைக்கவில்லை. அந்நிறுவனங்களின் தோற்றத்தில் பங்கு கொண்ட ஜான் அல்பனீஸ், 2007இல் உறைக்குள் இருக்கும் நாணயத்தைத் திரும்பப் பார்த்து, எண்ணுக்குத் தக்கதுதான் என்றால் ஒரு பச்சை ஒட்டுத்தாள் ஒட்டும் நிறுவனத்தைத் தொடங்கினார். நோட்டத்துக்கு நோட்டம்.

சீனத்து முத்திரை குத்திய வணிக டாலர்களுக்கு நெடுங்காலம் இந்த உறைகளில் எண் கிடைக்கவில்லை. காயம்பட்டவை என்று ஒதுக்கினர். பின்னர் அம்முத்திரைகளையே தேடிச் சேகரிப்போர் பெருகவே, நிறுவனங்கள் மனம் மாறின. இப்போது அவற்றுக்கும் எண் உண்டு. 'முத்திரை குத்தப்பட்டது' என்னும் குறிப்பு சீட்டில் உடன் இருக்கும். பெயர் தெரியாத ஒரு சராப்பு, வெள்ளி நல்லதுதான் என்று சொல்லி ஒரு சிறு சுத்தியலால் தட்டிய தட்டு, தேய்வு எவ்வளவு என்று சொல்லும் எண்ணுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக்குக்குள் இருக்கிறது.